என் மனைவியின் இருக்கையைக் கழற்றியதற்கு வந்த பில்

அனுப்புநர்:
வானிலை நிலையத்தின் ஓய்வுபெற்ற பதிவாளர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: பிரேக் சத்தத்துக்காக விட்ட காரில், கேட்காமலே இருக்கையை மாற்றி, அதற்கும் பில் போட்டு, காரையும் தர மறுப்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

நேரில் வந்தால் பாதி சொல்வதற்குள் "பரவாயில்லைங்க" என்று எழுந்து வந்துவிடுவேன் என்கிறார் என் மனைவி. அது உண்மை. ஆகவே எழுத்தில் தருகிறேன். பேச்சு திசைமாறாமல் இருக்க, கீழே வருவனவற்றின் வரிசை:

1. நான் யார்
2. இருக்கை எதற்காகத் திரும்பியது
3. நான் கேட்டது
4. எனக்குக் கிடைத்தது
5. கழற்றிய பொருளுக்கு நேர்ந்தது
6. என் பக்கத்துப் பிழை
7. வேண்டுகோள்

1. மழை, காற்று, வெப்பம் இவற்றைப் பதிவு செய்வது என் வேலையாக இருந்தது. கருவி காட்டியதை எழுத வேண்டும். நமக்குத் தோன்றியதை எழுதக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் அழிக்கவோ சுரண்டவோ அனுமதி இல்லை. தவறு கண்ணுக்குத் தெரியும்படி விட்டு, சரியானதைத் தனியே எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். இந்த மனுவையும் அவ்வாறே எழுத முயல்கிறேன். ஆயினும் கோபத்தில் எழுதிப் பழக்கமில்லாதவன். சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க.

2. என் மனைவிக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தபின் இடுப்புக்குக் கீழே வலுவில்லை. தொடக்கத்தில் அவரைக் காரில் ஏற்ற இருவர் வேண்டும். ஒருவர் அக்குளில் கை கொடுப்பார், மற்றவர் கால்களைப் பிடிப்பார். தெருவில் போவோர் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் அவர், "இப்படி மூட்டை மாதிரி ஏத்தி இறக்குறதுக்கு நான் வீட்டோடவே கிடக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே ஒரு வருடம் போல வாசலைத் தாண்டவில்லை.

அவருடைய தம்பி மருத்துவமனைக் கட்டில்களையும் சக்கர நாற்காலிகளையும் பழுதுபார்ப்பவர். அவர் எங்கள் காரின் முன் இருக்கைக்கு அடியில், பேரிங் வைத்த இரும்புத் தட்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். பக்கத்தில் உள்ள பிடியைத் தூக்கினால் இருக்கை வெளிப்புறமாகத் திரும்பும். என் மனைவி சக்கர நாற்காலியிலிருந்து தாமாகவே அதில் நகர்ந்து அமர்வார், கால்களைத் தாமே எடுத்து உள்ளே வைப்பார், திரும்பிக்கொள்வார். என் வேலை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும். அதையும் சில நாள், "நீங்க நகருங்க, இடிக்குது" என்பார். பயிற்சி சிகிச்சைக்குப் போய்த் திரும்பும் வழியில் பழக்கடை ஓரம் காரை நிறுத்தச் சொல்லி, இருக்கையைத் தெருப்பக்கம் திருப்பி, கடைக்காரரோடு அவரே பேரம் பேசுவார். பழம் வாங்காத நாளிலும் பேரம் உண்டு.

இந்த மாற்றம் திருட்டுத்தனமானதன்று. வாகனப் பதிவு அலுவலகத்தில் சோதித்துப் பார்த்து, உடற்குறை உடையவருக்கான மாற்றியமைப்பு என்று பதிவுச் சான்றிலேயே குறித்திருக்கிறார்கள். நகல் இணைப்பு 1.

3. சென்ற மாதம் பிரேக் அழுத்தும்போது கிறீச்சென்று சத்தம் வந்தது. காரை வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் விட்டேன். வேலை அட்டையில் "பிரேக் சத்தம்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை (இணைப்பு 2). அதற்கு ஆகும் செலவையும் எழுதித் தந்தார்கள். பதிவுச் சான்றின் நகலையும் அப்போதே கொடுத்தேன். அதை யாரும் படிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

4. வண்டியை எடுக்கப் போனபோது, வரவேற்பில் இருந்த இளைஞர் மலர்ந்த முகத்துடன், "சார், உங்க வண்டியைப் புதுசாவே ஆக்கிட்டோம், பாருங்க!" என்றார். கதவைத் திறந்தேன். என் கை பழக்கத்தில் பிடியைத் தேடியது. அங்கே வெறும் கார்பெட்தான் இருந்தது. பழைய இருக்கையில் துளை போட்டிருந்ததாம். எனவே புது இருக்கை, அது முன்பின் நகரப் புதுத் தண்டவாளம், புது பெல்ட், இவற்றுக்கெல்லாம் கூலி. "பழைய அமைப்பை அகற்றியதற்கு" என்று தனியாக ஒரு வரி. மொத்தம், முதலில் எழுதித் தந்த தொகையைப் போல் பதினொரு மடங்கு (இணைப்பு 3).

அந்த ஒரு வரியைத் தாங்கள் அருள்கூர்ந்து இரண்டாம் முறை படிக்க வேண்டும். ஒருவர் வீட்டுக்குள் வந்து, கேளாமலே ஊன்றுகோலை ஒடித்துப் போட்டுவிட்டு, ஒடித்த கூலியையும் கேட்பதற்கு ஒப்பானது அது.

பிரேக் சத்தம் நின்றுவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. அதற்குரிய தொகையை அன்றே கட்டத் தயாராக இருந்தேன். முழுத் தொகையும் கட்டினால்தான் சாவி என்றார்கள். இப்போது நிறுத்தி வைத்திருப்பதற்கும் வாடகை ஏறுகிறது.

5. மேலாளரிடம் கேட்டேன். "அது கம்பெனி ஃபிட்டிங் இல்ல சார். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க பேர்தான் கெடும்" என்றார். பாதுகாப்புப் பற்றிய கவலை நியாயமானதே. கவலை இருந்தால் என்னைக் கேட்டிருக்கலாம். வண்டியைத் தொடமாட்டோம் என்று திருப்பிக்கூட அனுப்பியிருக்கலாம். கழற்றியது எங்கே என்றேன். "சீட்டு குடோன்ல கிடக்கு. தட்டைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு." நான் நகர்ந்ததும், பக்கத்தில் காத்திருந்த வேறொருவரிடம், "பெருசு வண்டிக்குள்ள சலூன் நாற்காலி வெச்சு ஓட்டிட்டு இருந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்தத் தட்டை என் மைத்துனர் அளந்து, கடைந்து, மூன்று முறை கழற்றி மாட்டிச் செய்தார். அதைக் குப்பையாக எண்ணி எறிந்துவிட்டார்கள். அத்தனை பேர் வேலை செய்யும் அந்த இடத்தில், இது எதற்காக இங்கே இருக்கிறது என்று நின்று யோசித்த மனிதர் ஒருவர்கூட இல்லை என்பதே என் குற்றச்சாட்டு. யாரைப் பற்றியும் இவ்வளவு கடுமையாக நான் எழுதியதில்லை. எழுதுகிறேன்.

6. என் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். இடையில் அங்கிருந்து ஒரு தொலைபேசி வந்தது. "சார், வண்டியைப் பார்த்துட்டோம், தேவையானதெல்லாம் பண்ணிக் கொடுத்துடுறோம்" என்றார்கள். "சரிங்க, ரொம்ப நன்றி" என்றேன். அதையே ஒப்புதல் என்கிறார்கள். என்னென்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்று கூசினேன். அது ஒப்புதலாகுமா என்று பல நாள் யோசித்தேன். தேவை என்ன என்பதை வண்டியில் அமர்பவர் அல்லவா சொல்ல வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

மேலும், அன்று நான் சத்தம் போடவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, வணக்கம் சொல்லி, பேருந்தில் வீடு திரும்பினேன். விவரம் முழுவதும் கேட்டபின் என் மனைவி, "காபி நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். மைத்துனரோ, "அத்தான், நீங்க மனு எழுதுங்க. நான் ஸ்பேனரோட ஒரு நடை போயிட்டு வந்துடுறேன்" என்று புறப்பட்டார். இருவருமாகத் தடுத்தோம்.

வாடகைக் கார் ஒன்றில் ஒருமுறை முயன்றோம். ஓட்டுநர் நல்லவர்; தூக்கித்தான் ஏற்றினார். திரும்பும் வழியில் பழக்கடை வந்ததும் என் மனைவி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். மறுநாளிலிருந்து சிகிச்சைக்குப் போகவில்லை. பயிற்சி விட்டுப்போனால், வலக்காலில் திரும்பியிருக்கும் சிறு அசைவும் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். பழைய ஒரு வருடம் மீண்டும் தொடங்கிவிட்டதோ என்று அஞ்சுகிறேன். பில்லில் இதற்கென்று ஒரு வரி இல்லை.

7. ஆகவே வேண்டுவது:
(அ) பிரேக் வேலைக்குரிய தொகையை மட்டும் பெற்றுக்கொண்டு காரை விடுவிக்க உத்தரவிட வேண்டும்.
(ஆ) ஏனைய தொகையையும் நிறுத்தி வைத்த வாடகையையும் தள்ளுபடி செய்ய வேண்டும்.
(இ) எங்கள் பழைய இருக்கையைத் திருப்பித் தந்து, முன்பிருந்தபடி பொருத்த அவர்கள் செலவிலேயே வழி செய்ய வேண்டும்.
(ஈ) எறியப்பட்ட தட்டுக்கு ஈடு தர வேண்டும்.

விசாரணைக்கு அழைத்தால் வருவேன். பாதியில் எழுந்துவிடாமலிருக்க மைத்துனரையும் உடன் அழைத்துவர அனுமதி கோருகிறேன். ஸ்பேனர் இருக்காது.

இடம்: வீட்டின் முன்னறை
நாள்: அஞ்சல் முத்திரையில் உள்ளபடி

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)

திருத்தம்

மேலே பத்தி 5இல் எழுதியது தவறு. பத்தி 1இல் சொன்ன வழக்கப்படி அதை அழிக்காமல் விட்டு, சரியானதை இங்கே எழுதுகிறேன்.

மனுவை உறையில் இடும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. அந்தச் சர்வீஸ் நிலையத்தில் வேலை செய்பவர் ஒருவர், சாக்கில் சுற்றிய பொருளோடு வாசலில் நின்றார். "போடச் சொன்னாங்க ஐயா. யாரோ ஒருத்தருக்காகச் செஞ்சது மாதிரி இருந்துச்சு, மனசு வரல. பேரிங்குக்கு கிரீஸ் வெச்சிருக்கேன்" என்றார். "உள்ள வந்து உட்காருப்பா" என்று என் மனைவி கூப்பிட்டார். அவர் உட்காரவில்லை, போய்விட்டார். என் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

எனவே அங்கே யோசித்த மனிதர் ஒருவரும் இல்லை என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். கோரிக்கை (ஈ)யையும் விட்டுவிடுகிறேன். யாராவது கேட்டால், வாசலில் கிடந்தது என்று எழுதிவிடும்படி மைத்துனர் யோசனை சொன்னார். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே வந்தவர் யார், எப்படிப்பட்டவர், எதில் வந்தார் என்பதை எழுதாமல் விடுகிறேன். தாங்கள் நேரில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். கண்ட ஒன்றைப் பதியாமல் விடுவது எனக்கு இதுவே முதல்முறை.

ஏனைய பத்திகளில் மாற்றம் இல்லை.

(சுருக்கொப்பம்)