கார் மறந்த சாவி

சம்சொக்கிலிருந்து

அன்பு மகள் ஹேரிமுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அம்மாவின் இதயம் மட்டும் அவ்வப்போது தன் இஷ்டத்துக்குத் துடிக்கிறது. அந்த ஹாம்பர்க் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று உள்ளதை உள்ளபடி எழுது. போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய். அந்த வார்த்தையை நான் நம்புவதே இல்லை, போனில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். நீ அனுப்பிய சாக்லேட் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்திருந்தது, தபால்காரன்தான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள், எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப் போன வெள்ளைக் காரை விற்றுவிடுங்கள் என்று போனில் மூச்சுக்கு மூச்சு சொல்கிறாய் அல்லவா, அம்மா கேட்டால்தானே. காங்னுங் ஆஸ்பத்திரிக்கு அவளை அதில்தான் கூட்டிப் போகிறேன், பஸ்ஸில் போனால் மாறி ஏறி இறங்குவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. போன மாதம் சுரங்கப்பாதையின் நடுவில் கார் அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் மீன் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டு நிற்கிறான், அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள், எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. டேகுன் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே டாக்டரைக் கண்ட பிள்ளை மாதிரி சாதுவாக ஓடுகிறது. டேகுனை உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் போன நாளில் உன் சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டியவன், இப்போது அவன் பட்டறையில் ஐந்தாறு பேர் வேலை செய்கிறார்கள். ஏதோ ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு பெரியவரே, அதுக்கு உத்தரவு போடுற பெட்டிதான் போயிடுச்சு, இ.சி.எம்.மை மாத்தணும்" என்றான். கல் மாதிரி இருக்கிற இன்ஜினுக்குப் புது மூளை எதற்கு? இவன் கையில் விற்காமல் கிடக்கும் ஏதோ ஒன்றை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். என் கண் முன்னால் பிரி என்றேன். அவன் பிரிக்கும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அம்மாவின் நகப்பூச்சைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், பெட்டியின் மூலையில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன், இதையே துடைத்துப் புதுசு என்று மாட்டிவிடக் கூடாதே. டேகுன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான்.

பெட்டிக்குள் கம்பி முனைகளெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்துக் கிடந்தன, மேலே வெள்ளையாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. "மழைத் தண்ணி இப்படிப் படியாது, மோந்து பாருங்க" என்றான். புளித்த வாடை அடித்தது. "யாரோ ஊத்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். அந்தப் பார்வையும் எனக்குப் பிடிக்கவில்லை. புதுப் பெட்டி வரும்வரை பழையதை மாட்டி வீட்டு வாசல்வரை ஓட்டி வந்தேன். எனக்கு ஓக் சாங்மன் மேல்தான் சந்தேகம், நம் வீட்டுக்குக் கீழே கோழி பொரித்து விற்கிறானே, அவன்தான். அவன் கடை வாசலை மறைத்து நான் காரை நிறுத்துகிறேன் என்று அவனுக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. மீந்த பீரைக் காரில் கொட்டுகிறாயா என்று நேராகவே கேட்டேன். "அண்ணே, நான் கோழியைக் கெடுத்தாலும் கெடுப்பேன், பீரைக் கெடுக்க மாட்டேன். மீந்தா நானே குடிச்சுட மாட்டேனா?" என்று ஊர் கேட்கச் சிரித்தான். சிரிக்கிறவனை நம்பக் கூடாது என்று மாடி ஜன்னலில் காவல் இருந்தேன். அம்மா என்னைப் பார்த்து, "உங்க கண்ணுக்கு நம்ம வீட்டுப் பூனைகூடத் திருட்டுப் பூனைதான்" என்றாள். நம் வீட்டில் பூனையே இல்லை என்பது வேறு விஷயம்.

மாதம் பிறந்த முதல் நாள், பழைய நிலாக் கணக்குப்படி, விடிகிற நேரத்தில் ஆள் அகப்பட்டது. உன் அம்மா. கையில் மக்கொல்லி அரிசிக் கள் நிறைந்த கெட்டில், கக்கத்தில் பூசைக்கு வெள்ளை நூல் சுற்றிய கருவாடு. நீ கார் வாங்கிய அன்று டயருக்கெல்லாம் கள் ஊற்றிப் பூசை போட்டோமே, அதேபோல் நாலு டயருக்கும் ஊற்றினாள். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. பிறகு முன்பக்கம் வந்து, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்தில் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுக் குனிந்து கும்பிட்டாள். அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழேதான் பெட்டி இருக்கிறது. நான் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். திட்டத்தான் போனேன் ஹேரிம், அவள் வாயில் உன் பெயர் இருந்தது, நான் அப்படியே நின்றுவிட்டேன். நீ போனதிலிருந்து மாதம் தவறாமல் இதைச் செய்கிறாளாம். டயருக்கு ஊற்றினால் போதாதா என்று கேட்டேன். "பொண்ணு எவ்வளவு தூரத்துல இருக்கா, டயரு பத்துமா?" என்றாள். பெட்டி கெட்ட காரணத்தைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது, சுரங்கத்தில் அன்று என்னவாவது ஆகியிருந்தால் என்று அரை நாள் அழுதாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு என் வீட்டுக் கெட்டில் கண்ணில் படவில்லை.

டேகுனிடம் போய்ச் சொன்னேன். "அந்தக் கள்ளு வாடை தெரியாதா பெரியவரே, அன்னைக்கே தெரியும். நீங்க போலீஸ் மாதிரி ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கீங்க, பெரியம்மா பேரை நான் எந்த வாயால சொல்றது?" என்றான். அப்போதும் நான், கழற்றியதும் சிவப்புப் புள்ளி வைத்த பெட்டியை என் கையிலேயே தர வேண்டும் என்று சொல்லிவைத்தேன், பழக்கம் போகுமா. அது இப்போது குளிர்சாதனப் பெட்டி மேல் இருக்கிறது.

புதுப் பெட்டி மாட்டுகிற அன்று அம்மாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தாள். மாட்டுவதற்கு முன்னால் டேகுன் சாவிகளைக் கேட்டான். புதுப் பெட்டிக்கு எந்தச் சாவியையும் அடையாளம் தெரியாதாம், இருக்கிற சாவியையெல்லாம் இன்றைக்கே காட்டிப் பழக்க வேண்டுமாம், காட்டாத சாவியைப் போட்டால் கார் கிளம்பாதாம். என் சாவியையும் அலமாரியில் வைத்திருந்த மாற்றுச் சாவியையும் கொடுத்தேன். இவ்வளவுதானா என்றான். "இன்னொண்ணு பொண்ணுகிட்ட இருக்கு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கார் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப மாட்டாதே. பழைய பெட்டியே இருக்கட்டும். அவ வந்து சாவி போட்டா கார் யாரு நீன்னு கேக்குமா? நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்றாள். பஸ்ஸில் அவளால் முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், அவள் நகரவில்லை. கடைசியில் டேகுன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மறுபடியும் பழக்கலாம் பெரியம்மா. ஒண்ணே ஒண்ணுதான், மூணு சாவியும் ஒரே நேரத்துல இங்க இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் அதை மறந்துடும்" என்றான். "மூணும் ஒண்ணா இருக்கணுமா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு தானாகவே கையை எடுத்தாள். இப்போது கார் நன்றாக ஓடுகிறது, போன வாரம் ஆஸ்பத்திரி போய் வந்தோம், சுரங்கம் வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. காரை விற்கச் சொல்கிறவள் சாவியை எதற்கு வைத்திருக்கிறாய்? சென்ற ஞாயிறு நீ வீடியோவில் பேசும்போது பின்னால் கதவோரம் ஆணியில் அது தொங்கியதைப் பார்த்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் வெளியே போகும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. என் சந்தேகங்கள் எல்லாமே பொய்த்துப் போயின மகளே, இது ஒன்றாவது பலிக்கட்டும்.

மிளகாய்த் தூளும் கடற்பாசியும் அனுப்பியிருக்கிறேன், பார்சல் பிரிந்திருந்தால் உடனே எழுது. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருக்க எங்கள் ஆசி. மாதப் பிறப்புக்கு அம்மா இப்போது டயருக்கு மட்டும்தான் ஊற்றுகிறாள், ஆனால் கெட்டில் காலியாகும்வரை ஊற்றுகிறாள். ஒன்றை மறக்காதே. இதைப் படித்துவிட்டு அந்தச் சாவியைத் தபாலில் போட்டுவிடாதே, தபால்காரனை நான் நம்பவில்லை. நீயே கொண்டு வா.

உன் அப்பா
மேங் ஹாக்சு