கறுப்பு ஓர நாடா

செப்டெம்பர் 29, 2025

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் மழை. நான் வேலை செய்யும் ஏலக் கடைக்கு இன்று போடில் என்ற எண்பது வயது அம்மா வந்தார். ஒரே ஊசிப் பட்டையில் நாடாக்களோடு தைத்த மூன்று பதக்கங்கள் கொண்டுவந்தார். அவருடைய ஊர் ஜேர்மன் எல்லைப் பக்கம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அது ஜேர்மனியின் கையில்; போருக்கு டெனிஷ்காரரே ஜேர்மன் சீருடையில்தான் போனார்கள்.

"என் தாத்தாவுடையவை. மனைவி பிள்ளையை விட்டுவிட்டு போருக்குப் போன இடத்திலேயே ஒரு பல்கேரியத் தாதியோடு இருந்துவிட்டார். விற்றுவிடுங்கள்" என்றார்.

இரண்டு பதக்கங்கள் ஜேர்மன். இரும்புச் சிலுவையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். மூன்றாவது, ஜேர்மனியோடு சேர்ந்து போரிட்ட பல்கேரியாவின் போர் நினைவுப் பதக்கம். ஜேர்மன் பதக்கங்களோடு அடிக்கடி காணாதது. பட்டியலில் எழுதினேன்: "போரில் பங்கேற்றவருக்கு. நாடா ஓரத்தில் அழுக்கு."

ஓடிப்போன மனுசர் கதை எனக்குப் புதிதில்லை. 2009இல் வன்னியில் காணாமல்போன என் கணவரும் பாரிஸில் ஒருத்தியோடு இருப்பதாகத்தான் அவருடைய தம்பி சொன்னார்.

செப்டெம்பர் 30

வேலை, பஸ், சோறு. வேறொன்றுமில்லை.

ஒக்டோபர் 2

படமெடுக்கப் பதக்கங்களை ஜன்னலடியில் வைத்தேன். பல்கேரிய நாடாவின் ஓரத்தில் இருப்பது அழுக்கில்லை. கறுப்பு நூல், நெசவிலேயே இருக்கிறது.

கையேட்டைப் பார்த்தேன். கறுப்பு ஓரம் திரும்பி வந்தவருக்கு இல்லை, போரில் இறந்தவரின் வீட்டாருக்கு. அதுவும் 1933க்குப் பிறகுதான். பின்பக்கம் திருப்பினால் இந்த ஒன்று மட்டும் வேறு நூல், கோணல் தையல். அப்படியானால் அவர் ஓடிப்போகவில்லை, போரிலேயே இறந்திருக்கிறார்; மனைவியே வாங்கித் தைத்திருக்க வேண்டும்.

பத்து வருட வேலை. எப்படித் தவறவிட்டேன்? ஓடிப்போனவர் என்று கேட்டதும் நாடாவை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 3

போடிலுக்கு போன் செய்து சொன்னேன். "அப்பா சாகும்வரை அவரைத் திட்டினார். பாட்டிக்குத் தெரிந்திருக்கிறதே, ஏன் சொல்லவில்லை?" என்றார். தெரியாது என்றேன். விற்பனை வேண்டாமாம். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

தெரியாதோ? எனக்கோ தெரியாது? திட்டுறதெண்டால் ஆள் உயிரோட இருக்கோணும் — பதினாறு வருசமா நானும் அதைத்தானே செய்யிறன்.

ஒக்டோபர் 12

கணவரின் தம்பியாரிடம் கேட்டேன், பாரிஸில் அவரை யார் கண்டது என்று.

"ஒருத்தரும் காணேல்லை அண்ணி. நீங்கள் அப்ப சாப்பிடாமல் கிடந்தியள். அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

அவருடன் கோபிக்க முடியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மரித்தோர் திருநாள். தமிழ்ப் பூசைக்கு முன், ஒப்புக்கொடுக்க வேண்டிய இறந்தவர்களின் பெயர்களை, கோயில் வேலைகளில் உதவும் அமலராணி துண்டுக் கடதாசிகளில் வாங்கிக்கொண்டு வந்தாள். வழமைபோல அம்மா, அப்பாவின் பெயர்களை எழுதினேன். கீழே பேதுரு என்று எழுதிக் கொடுத்தேன்.

வாசித்துவிட்டு, "பேதுரு ஆர் அக்கா?" என்று கேட்டாள்.

"என்ரை மனுசன்" என்றேன்.