ம் கொட்டப் போனேன்

டிசம்பர் 3

காலையிலிருந்து மழை. மகாராணி அவளுடைய பழைய போனைக் கொடுத்து, “இதுல பேசுங்கப்பா, அதுவா எழுதிக்கிரும். உங்களுக்குத்தான் எழுதத் தெரியாதே” என்றாள். மகள் சொன்னால் கேட்க வேண்டியதுதான். பேசுகிறேன். எழுதுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

வட்டக்கானல் காட்டேஜில் மேல் அறைக்குச் சென்னையிலிருந்து ஒரு சினிமாக்காரத் தம்பி வந்திருக்கிறது. ஹரிகிருஷ்ணன் என்று பேர். மாசக் கடைசியில் தயாரிப்பாளர் இங்கேயே வந்து கதை கேட்கப்போகிறாராம். தம்பி ஒரு சீன் எழுதும், அழிக்கும், அதையே மறுபடி எழுதும். மகாராணிக்கு அங்கே சமையல் வேலை. நான் வாட்ச்மேன்.

டிசம்பர் 6

கணப்புக்கு விறகு வைக்கப் போனேன். தம்பி ஒரு சீனைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் ம் கொட்டினேன். நடுவில் நிறுத்தி, “தாத்தா, அந்த எடத்துல ஏன் ம் சொல்லல?” என்றது.

“கதை நின்னு போச்சே தம்பி. நின்ன கதைக்கு என்னத்தக் கொட்ட?”

சிரித்துவிட்டது. சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கதை சொல்லும்போது, ம் கொட்ட ஆள் இல்லையென்றால் சொல்கிறவன் எழுந்து போய்விடுவான். அதைச் சொன்னேன். அப்போதிருந்து தம்பி நடந்துகொண்டே சொல்கிறது, அதன் போன் எழுதுகிறது, நான் ம் கொட்டுகிறேன். என் ம் சுருதி இறங்கினால் அந்த சீனை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறது. திரும்பிப் பார்ப்பதே இல்லை. “ஒரு வருசமா நகராத கதை தாத்தா, இப்ப ஓடுது” என்கிறது.

டிசம்பர் 11

இடைவேளை வரைக்கும் முடிந்துவிட்டதாம். எனக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கித் தந்தது.

டிசம்பர் 15

இன்றைக்குக் கதை ஓடவில்லை. “நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் ம் கொட்டுறேன்” என்றது. தோட்டத்தைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன், சிலோனிலிருந்து திரும்பினவர்களை இறக்கிவைத்த மண்டபம் கேம்பைச் சொன்னேன். எனக்கு யாரும் இவ்வளவு நல்லா ம் கொட்டியதில்லை. அந்த மயக்கத்தில் மகாராணி சங்கதியையும் சொல்லிவிட்டேன்.

கேம்பில் எங்களுக்குப் பக்கத்துப் பாயில் கைப்பிள்ளையோடு ஒருத்தி. புருசன் இல்லை. கஞ்சி வரிசையில் இடிபட்டு, சுடுகஞ்சி பிள்ளையின் கையில் கொட்டிவிட்டது. அந்த வாரமே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆபீசர் வந்து கேட்டபோது என் பெஞ்சாதி குஞ்சம்மாள் பிள்ளையைத் தூக்கி, “எம்புள்ளதான்” என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள்கூட அதைப் பேசிக்கொண்டதில்லை. மகாராணிக்குத் தெரியாது. கையிலிருக்கும் தழும்பு வீட்டு அடுப்பில் விழுந்தது என்றுதான் சொல்லி வளர்த்தோம்.

“தம்பி, இது மட்டும் கதையில வரக் கூடாது.”

“எங்கம்மா மேல சத்தியம் தாத்தா” என்று கையில் அடித்துக் கொடுத்தது.

டிசம்பர் 16

மனசு லேசாக இருக்கிறது.

டிசம்பர் 27

தயாரிப்பாளர் சேனாதிபதி வந்தார். ஹாலில் கதை சொல்லல். “நீங்க ம் கொட்டுனாத்தான் எனக்கு வேகம் வரும்” என்று ஹரிகிருஷ்ணன் என்னையும் உட்காரவைத்தான். பெருமையாகத்தான் உட்கார்ந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கேம்ப் வந்தது. ஒரு பாய். ஒரு பிள்ளை. கஞ்சி வரிசை. கையில் தழும்பு.

நான் ம் கொட்டுவதை நிறுத்தினேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். நிறுத்தவில்லை. அதற்குள் சேனாதிபதியே ம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்.

கதவருகே மகாராணி டீயோடு நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள். ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டுப் பார்த்தாள். போய்விட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். “பேரெல்லாம் மாத்திட்டேன் தாத்தா. அந்த சீன் இல்லன்னா படமே இல்ல. பாத்தீங்கல்ல, அவர் அழுதுட்டார்” என்றான்.

அவரு அழுதாரா? எம்மக நின்னாளேடா அங்க. ஏலே, நீ ம் கொட்டுனதெல்லாம் இதுக்குத்தானா? நான் என்ன கேணப்பயலா—

டிசம்பர் 28

குஞ்சம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “யாரக் கேட்டுங்க சொன்னீங்க?”

மகாராணி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். “வந்த ஆளுக்குச் சொல்லத் தெரிஞ்சுச்சு. எனக்குச் சொல்லத் தெரியல, இல்லப்பா?”

திரும்பி நடந்தேன்.

ஜனவரி 5

சென்னையிலிருந்து அவன் போன். அடுத்த படத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டானாம், இந்தத் தரம் இன்னும் வெரசாக முடிக்கணுமாம். “கார் அனுப்புறேன் தாத்தா, நீங்க வந்து உக்காந்தா போதும்.”

“உங்கம்மா நல்லாருக்காங்களா தம்பி?” என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டான்.

ஜனவரி 11

மகாராணி இந்த வாரமும் பேத்துப்பாறையில் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. குஞ்சம்மாள் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை.

ஜனவரி 18

தை அமாவாசை. வெள்ளனே மகாராணி வந்தாள். கையில் வாழை இலை, பூசணிக்காய். என்னைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள். குஞ்சம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு பேருமாகச் சமைத்தார்கள்.

இலை போட்ட பிறகு, “பேரு சொல்லிப் படைக்கணும். என்னப் பெத்தவ பேரு என்னப்பா?” என்றாள்.

“கருப்பம்மா.”

“என்ன பிடிக்கும் அதுக்கு?”

இதை அவனுக்கு நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. “கேம்புக்கு வெளிய கடக்கரையில கருவாடு காயும்மா. அந்த வாசத்துக்கு ஏங்கிக் கெடந்துச்சு. கஞ்சிக்கு ஒரு துண்டு கெடைக்காதான்னு கேக்கும்.”

அமாவாசையன்று கவிச்சியைக் கையால் தொடாதவள் குஞ்சம்மாள். எழுந்தாள். பரணிலிருந்து கருவாட்டுச் சட்டியை இறக்கி, ஒரு துண்டைத் தணலில் போட்டாள். வீடெல்லாம் வாசம்.

“முள்ளெடுத்துட்டு வைக்கவாம்மா?” என்று மகாராணி கேட்டாள்.

“எடுத்துட்டு வையி” என்றாள் குஞ்சம்மாள். “சூடு பாத்து.”