கேட்காமல் கொடுத்த சைக்கிள்

கிறிஸ்மஸ் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தக் கிளம்பிய பெர்னார்ட், மனைவி ரோசரி வேலைக்குப் போகும் சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் விடிகாலையில், தூங்கிக்கொண்டிருந்த அவருக்கு அவள் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்தாள்:

"துருப்பிடிச்சதுன்னு குடுத்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சிலிபின் வீட்டுலேருந்து பிஸ்கட் ஃபேக்டரிக்கு நடந்து போறேன். உங்க பாடாத மூணு ரேடியோவும் வாசல்ல இருக்கு. சைக்கிள் வரலன்னா அதுங்களும் போயிரும். அடுப்புல மீன்குழம்பு இருக்கு, சுட வச்சுக்குங்க."

அடியில் நெருக்கி எழுதினாள்: "கோவத்துல உப்பு கூடிருச்சு. அதுக்காக மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டேன்."

சாயங்காலம் ஃபேக்டரி வாசலில், இரும்புக்காரனிடமிருந்து மீட்ட, மணி கழன்ற சைக்கிளைப் பிடித்தபடி பெர்னார்ட் நின்றார்.

"பின்னால ஏறு, ரோசரி."

அவள் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் சைக்கிள். நான்தான் மிதிப்பேன். நீங்க ஏறுங்க லா!"