உன் பெயரைக் கொண்டுவந்த கேள்வி

ஆஸ்பத்திரியின் பினாயில் வாடை துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது. காலையில் நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும். எனக்கே பாதிதான் புரிகிறது.

ரத்ததானக் குழுவில் கொடையாளர்களுக்குப் போன் செய்யும் கலா என்னைக் கூப்பிட்டாள். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டுமாம். நீயும் நானும் குழுவுக்கு எழுதிக் கொடுத்த செயலியில் தேடியிருக்கிறாள்.

"மொதல் பேருக்கு போன் போட்டேன்க்கா. ஒரு பெரியவரு எடுத்தாரு. ரத்தம் வேணும்னேன். அப்பறம், எங்க வரணும்மான்னு கேட்டுட்டு வச்சிட்டாரு. யாருக்கா அது?"

முதல் பெயர் உன்னுடையது. போனை எடுத்தவர் உன் நைனா. கலா குழுவில் சேர்ந்ததே நீ காய்ச்சலில் இறந்துபோன பிறகுதான். அவளுக்கு எப்படித் தெரியும்?

செயலி டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு 'தரக்கூடியவர்கள்' என்று பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுதினவள் நீ. ரத்தம் தருபவர்களை எங்கிருந்து தேட வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ரத்த வகை பொருந்த வேண்டும், ஊர் பக்கத்தில் இருக்க வேண்டும், கடைசியாகக் கொடுத்துச் சில மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். கொடுத்து நெடுநாள் ஆனவர் முதலில் வருவார். உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் நாம் எழுதவில்லை. அன்றைக்கு யாருக்குத் தோன்றியிருக்கும்?

செயலி எழுதிய கடைவீதி மாடி அறையில், நிபந்தனைகளை எங்கே எழுதுவது என்றுதான் சண்டை போட்டோம். பொதுவான நிபந்தனைகளை டேட்டாபேஸின் அடியிலேயே வைத்துவிட்டால் எல்லாத் தேடலுக்கும் தானாக வந்துவிடும், யாரும் மறக்க முடியாது என்றேன் நான். நீ கேட்கவில்லை.

"மொத்தத்துக்கும் ஒரே மூடியப் போட்டுட்டன்னா உள்ள இன்னா இருக்குதுன்னு உனக்கே தெரியாமப் போயிடும்டி. தனித்தனியா பேரு வச்சி எழுது. வேணும்ங்கறவங்க கூப்ட்டுக்கட்டும்."

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உன் நைனா தேய்த்த சட்டையில் நர்ஸின் முன்னால் நின்றிருந்தார். "எம்பொண்ணு குடுக்கறன்னு பேரு குடுத்திருக்குது. அதால வர முடியாது. என்னுத எடுத்துக்கங்க." வயதாகிவிட்டது, எடுக்கக் கூடாது என்று நர்ஸ் தன்மையாகத்தான் சொன்னார். அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் ஆட்டோவில் வந்து கொடுக்கும்வரை உன் நைனா பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

"மன்னிச்சிக்கங்கப்பா. பேரு தப்பா வந்துடுச்சி" என்றேன்.

"எடுத்துடுவியா?"

அவர் சட்டைப்பையிலிருந்து உன் போனை எடுத்துப் பார்த்தார். "தெனமும் சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேன். இன்னிக்கித்தான் எம்பொண்ணக் கேட்டு ஒருத்தங்க கூப்ட்டாங்க."

மத்தியானம் கணினி முன் உட்கார்ந்தேன். இறந்தவர்களைக் குறிக்க ஒரு கட்டம் சேர்த்து, உன் பெயருக்கு நேரே குறித்தேன். முதலில் என் வழியிலேயே, இறந்தவர்களைக் காட்டாதே என்ற நிபந்தனையை அடியில் வைத்துப் பார்த்தேன். செயலியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் நீ போய்விட்டாய். மேல்மலையனூர்ப் பெண் ஒருத்தியின் அறுவை சிகிச்சைக்கு நீ ரத்தம் கொடுத்தாயே, அந்தப் பதிவில் கொடுத்தவர் பெயர் இருக்கும் இடமும் வெறுமையாக இருந்தது. யாருமே கொடுக்காமல் அவள் பிழைத்தது போல. பதறிப்போய் அதை நீக்கினேன். பிறகு உன் வழியில், 'அழைக்கக்கூடியவர்கள்' என்று தனியாக ஒரு கேள்வி எழுதி, கலா பார்க்கும் பக்கத்தில் மட்டும் வைத்தேன். கொடுத்தவர்களைக் காட்டும் பக்கத்தில் நீ இருக்கிறாய்.

எழுதியது சரிதான். சோதித்தும் பார்த்துவிட்டேன். ஆனாலும் ஏதோ தப்பு செய்துவிட்டது போலவே இருக்கிறது. எது தப்பென்று தெரியவில்லை. எதையும் மொத்தமாக மூடிவிடாமல் பெயர் வைத்துத் தனியே எழுதும் உன் பழக்கம் இனி என்னைவிட்டுப் போகாது. அது மட்டும்தான் தெளிவாக இருக்கிறது.

இனிமேல் குழுவிலிருந்து அந்த போனுக்கு அழைப்பு வராது. உன் நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை.