குமாரசாமி வீட்டுப் போக்கியம்

ஜனவரி 5, ஞாயிறு

ஐம்பத்திரண்டு வயதில் நேற்று சாயங்காலம் ஒரு சுவருக்குப் பல் தேய்த்துவிட்டேன். வெளியில் சொல்ல முடியாத விஷயம். அதனால்தான் இன்றைக்கு நாற்பது ரூபாய் கொடுத்து இந்த நோட்டு.

நடந்தது இதுதான். வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு இரண்டு காலண்டர் வரும். சர்ச்சில் கொடுப்பது என் மனைவி மரியம்மாளுக்கு. பட்டுக்கடையில் கொடுக்கிற காமாட்சியம்மன் படம் எனக்கு. ஹாலில் ஆணி ஒன்றே ஒன்று. புது ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் குமாரசாமியின் சட்டம். ஒன்பது வருடமாக ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறோம். எது முன்னால் என்பது அந்த மாதம் வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நேற்று எனக்கு வீரம் வந்தது. ஆணியை வைத்து ஒரே அடி. ஆணி போகவில்லை, உள்ளங்கை அகலத்துக்குக் காரை வந்தது. பற்பசையை விரலால் அப்பி, பழைய பிரஷ்ஷால் நீவிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் மோட்டார் போட வந்த குமாரசாமி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "என்னாபா சிட்டிபாபு, வீடே பல்லு வெளக்கின மாதிரி கமகமன்னு இருக்குது?"

நான் சிரித்து வைத்தேன், பல் தெரியாமல்.

ஊரிலிருக்கிற அத்தனை வீட்டு மின்சார மீட்டரையும் பார்த்து எழுதுகிறவன் ஓர் ஆணிக்குப் பயப்படுவதா? வீடு வாங்குகிறேன். முடிவு.

ஜனவரி 6, திங்கள்

மரியம்மாளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "எதுக்குங்க இந்த வயசுல? வாடகை வீடுதான் நிம்மதின்னு மேடை மேடையா நீங்கதான பேசிக்கினு கிடக்கறீங்க" என்றாள்.

அதென்னவோ உண்மை. பகலில் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவன். திருவிழா வந்தால் பட்டிமன்றப் பேச்சாளன், 'நகைச்சுவை நாயகன்' என்று நோட்டீசில் போடுவார்கள். 'நிம்மதி தருவது சொந்த வீடா, வாடகை வீடா' என்ற தலைப்பில் இதுவரை நாற்பத்தோரு மேடை. எல்லாவற்றிலும் வாடகை அணி. சரக்கு முழுக்க இந்தப் பிள்ளையார்பாளையம் வீடுதான். "மழை வந்தா எல்லாரும் வீட்டுக்குள்ள வந்து குடைய மடக்குவாங்க, நாங்க வீட்டுக்குள்ள வந்துதான் குடைய விரிப்போம்." "எங்க பாத்ரூம் கதவச் சாத்த மூணு பேரு வேணும், அதுல ஒருத்தர் குளிக்கிறவரு." கைத்தட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆகும்.

ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்கு எப்படி வேண்டாமல் போகும்? வாங்கியே தீருவேன்.

ஜனவரி 22, புதன்

செவிலிமேட்டில் ரீடிங். ஒரு வீட்டு மீட்டர் இரண்டு மாதத்தில் மூன்றே யூனிட் ஓடியிருந்தது. ஆள் இல்லாத வீடு. விசாரித்தேன். விற்கத்தான் வைத்திருக்கிறார்களாம். சொந்தக்காரர் ஆதிகேசவன் பக்கத்திலேயே இருந்தார். என் பெயரைக் கேட்டதும் உட்காரவைத்து டீ கொடுத்தார். இரண்டு அறை, கிணறு, கிழக்கு வாசல், பாலாற்றுக் காற்று. நான் பேச ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் ஐம்பதாயிரம் குறைத்துவிட்டார். இத்தனை வருடப் பேச்சு இன்றைக்குத்தான் காசாகியிருக்கிறது. "ஏப்ரல் முப்பதுக்குள்ள முடிச்சிடுங்க சார், அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

நானே கண்டுபிடித்த வீடு. எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் பங்கு கேட்கக் கூடாது.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். எனக்குள் பட்டிமன்றம்.

சொந்த அணி: ரிட்டயராக எட்டு வருடம். அப்புறம் யார் வீடு கொடுப்பார்கள்? வாடகை அணி: கடன் அடைப்பதற்குள் நானே முடிந்துவிட்டால்? சொந்த அணி: சுவர். வாடகை அணி: ஒழுகினால் திட்டுவதற்கு ஆள் இருக்காது, கண்ணாடியைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும்.

நடுவர் மரியம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "எதுக்கும் நல்லா யோசிங்க" என்றாள். தீர்ப்பு: வாங்குவது.

பிப்ரவரி 2, ஞாயிறு

அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். செருப்பைக் கழற்றியவள் நேராகப் பின்கட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். பெண்களுக்கு எப்படித்தான் வழி தெரிகிறதோ. "சுமாரா இருக்குது" என்றாள். இனி இவளைச் சம்மதிக்கவைப்பது என் பொறுப்பு.

பத்திரத்தை உன் பெயரிலேயே எழுதிக்கொள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். பேங்குக்கு அலைகிற வேலையையும் அவளிடமே விட்டேன். நான் போனால் மேனேஜரோடு கதை பேசியே மாலையாகிவிடும். பென்சிலில் அவள் குறி போட்டுத் தருகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சிக்கல்.

இந்த வீட்டில் நாங்கள் இருப்பது மாத வாடகைக்கு அல்ல, போக்கியத்துக்கு. மேடைக்கு வாடகை என்று சொன்னால்தான் எடுபடும். மொத்தமாக ஆறு லட்சம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கிறோம்; காலி செய்யும்போது அதே ஆறு லட்சம் கைக்கு வர வேண்டும். பேங்கு கொடுத்தது போக மிச்சத்துக்கு அதைத்தான் மலையாக நம்பியிருக்கிறேன். அது இல்லையென்றால் செவிலிமேடு இல்லை.

குமாரசாமியிடம் சொன்னேன். பணம் என்றைக்கோ செலவாகிவிட்டது. அது எனக்கும் தெரியும், அந்தச் செலவில் நானும் கை நனைத்தேன், அவர் மகள் கல்யாணம். "புதுசா போக்கியத்துக்கு ஒரு ஆளு வந்து குடுத்தா, அத அப்படியே உன் கையில குடுத்துடப் போறேன். இது உலக வழக்கம்தானபா?" என்றார். வழக்கம்தான். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. நீ பேசினதக் கேட்டா நானே இந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

பிப்ரவரி 23, ஞாயிறு

இதுவரை ஐந்து பேர் வந்தார்கள். இன்றைக்கு வந்தது புதிதாகக் கல்யாணமான ஜோடி. வாசலில் என்னைப் பார்த்ததுமே அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், நீங்கதான அவரு? இதான் அந்த பாத்ரூமா?" கதவோடு சேர்ந்து நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். காபி குடித்தார்கள். போய்விட்டார்கள்.

என் பட்டிமன்ற வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். ஒரு காலத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகள் பிரவீனா போனில் சொன்னாள்: "ப்பா, அந்த மூணு லட்சம் பேர்ல காஞ்சிபுரத்துல வீடு தேடறவங்க எல்லாரும் இருப்பாங்க. நீங்களே கமெண்ட்ல போய் 'வீடு போக்கியத்துக்கு'ன்னு போடுங்க."

பிப்ரவரி 24

போட்டேன். எண்ணூறு பேர் சிரித்திருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

பதினோரு பேர். பூஜ்யம்.

பேசாமல் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று மரியம்மாளிடம் கேட்டேன். முதல் தடவையாக அவள் முகம் மாறியது. "இதுக்கு முன்னாடி வீடு தேடினது மறந்துபோச்சா உங்களுக்கு?" என்றாள்.

மறக்கவில்லை. மேடையில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சொந்த ஊர் எது என்பார்கள். மாகறல் என்பேன். நல்ல ஊராச்சே, மாகறல்ல எங்க என்பார்கள். எங்கன்னா? பொறந்த எடத்துலதான். வேற எங்க பொறப்பான் மனுசன்? கோயில் பக்கமா, ஏரிப் பக்கமா, எந்தத் தெரு— பதில் சொல்லி முடிப்பதற்குள் மச்சினன் வருகிறான் என்பார்கள், பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்பார்கள். நாலு வீடு அப்படிப் போச்சு. அந்த நாலு வீட்டுக்கும் இன்றைக்கும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கப் போறேன். மீட்டர் வரைக்கும் விடுவாங்க. ஒருத்தர் வீட்டிலும் இதுவரை பெயின்ட் அடிக்கல.

அறுபது வயதில் இன்னொரு தடவை அந்தக் கேள்விக்கு நிற்க என்னால் முடியாது. முடியவே முடியாது.

நாங்கள் வீடு கேட்டு வந்த அன்றைக்குக் குமாரசாமி கேட்டது ஒன்றே ஒன்று: "ஆணி அடிப்பியாபா?"

மார்ச் 10, திங்கள்

அந்த மனுசனை நாற்பத்தோரு மேடையில் கிழித்திருக்கிறேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன், மனசுல ஏதாச்சும் வெச்சுக்கினு இருக்கீங்களா என்று. "எனக்கென்னாபா, நான்தான் முன் வரிசையில உக்காந்து சிரிக்கிறவனாச்சே" என்றார். பிறகு, "என் சம்சாரம் லோகாம்பாதான் கூட்டத்துக்கு வர்றதில்ல. அந்த பாத்ரூம் கதவு அவ தம்பி செஞ்சது. அவன் போய் ஆறு வருசம் ஆவுது" என்றார்.

லோகாம்பாள் அம்மா உள்ளேயிருந்து எனக்குக் காபி அனுப்பினார். சர்க்கரை சரியாக இருந்தது. போடாமல் அனுப்பியிருந்தால் தேவலாம்.

மார்ச் 11

கதவின் கீழ்ப்பக்கத்தை அரை அங்குலம் இழைத்தேன். ஒரு ஆளே சாத்தலாம். ஒன்பது வருடத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருந்தால் ஒரு ஜோக் குறைந்திருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பங்குனித் திருவிழாப் பட்டிமன்றம். அதே தலைப்பு, அதே அணி. இன்றைக்கு உண்மையைப் பேசுவது என்று உறுதியாகப் போனேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும் என்றேன். கிணற்றுத் தண்ணீர் சித்திரையிலும் வற்றாது என்றேன். வீட்டுக்காரர் தங்கமானவர் என்றேன். ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சத்தியமா சொல்றேன்" என்றேன், ஒரு பெரியவருக்குப் புரையேறிவிட்டது. நடுவர் என் காதில், "இன்னைக்குத்தான் நீ உச்சம்" என்றார்.

இருபத்து நான்கு நாள் இருக்கிறது. ஆதிகேசவனிடம் கெடு நீட்டிக் கேட்க வாய் வரவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஒருவர் வந்து நின்றார். இளவரசன், கம்பெனி பஸ் ஓட்டுபவர், ஊர் திருமுக்கூடல், படிக்கிற பெண்கள் இரண்டு பேர். நேற்றுக் கூட்டத்தில் இருந்தாராம். இதுவும் செல்பி கேஸ்தான் என்று நினைத்துக் கதவைக் காட்டினேன். கதவை அவர் பார்க்கவேயில்லை.

"வூடு இன்னும் காலியாதான் இருக்குதா சார்?"

"ஏன் சார், நான் பேசினதெல்லாம் கேட்டீங்கதான?"

"அஞ்சு வருசமா கேட்டுக்கினு இருக்கேன் சார். இவ்ளோ கொற சொல்ற ஆளு ஒன்பது வருசமா காலி பண்ணாம இருக்காருன்னா, அது நல்ல வூடாத்தான் இருக்கணும். நல்லதா இல்லாட்டி எப்பவோ போயிருப்பீங்க."

நாற்பத்திரண்டு மேடையில் எந்த எதிரணிக்காரனும் என்னை இப்படி மடக்கியதில்லை.

குமாரசாமியிடம் கூட்டிப்போனேன். எந்த ஊர் என்றார். திருமுக்கூடல் என்றார் இளவரசன். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். "ஆணி அடிப்பியாபா?" என்றார் குமாரசாமி.

ஏப்ரல் 21, திங்கள்

ஆறு லட்சம் வந்தது. இளவரசன் கையிலிருந்து குமாரசாமிக்கு, குமாரசாமி கையிலிருந்து எனக்கு, என் கையிலிருந்து மரியம்மாளுக்கு. என்னிடம் நாலு நொடி இருந்தது. இளவரசன் மே மாதம் குடிவருகிறார்.

லோகாம்பாள் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்து, பாத்ரூம் கதவைச் சாத்தித் திறந்து சாத்தினார். போகும்போது, "செவிலிமேட்டுல தண்ணி உப்புன்னு சொல்லுவாங்க. பாத்துக்கோபா" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

பத்திரப் பதிவு. அட்சய திருதியை, ஊரே அங்கேதான் இருக்கும். நான் எழுதிக்கொள்வதெல்லாம் இதுதான்: ஓர் ஆண்மகன் நினைத்தான், நாலே மாதத்தில் முடித்தான். மரியம்மாள் எத்தனை தயங்கினாலும், ஊர் எத்தனை சிரித்தாலும்.

இதைக் காலையில், கிளம்புமுன் எழுதினேன். மீதி இப்போது.

டோக்கன் வர மூன்று மணி நேரம். எல்லாரும் அவரவர் பத்திரத்தில் மூழ்கியிருக்க, பேச ஆள் சிக்காததால் முதல் தடவையாகப் பத்திரத்தைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், மேற்படி மரியம்மாள் முன்பணம் கொடுத்து, ஏப்ரல் 30 வரை கெடு வைத்து, ஏற்கெனவே உடன்படிக்கை செய்துகொண்டபடி என்று இருக்கிறது. ஐம்பதாயிரம் குறைத்த விலையும் அதிலேயே இருக்கிறது.

அவளைப் பார்த்தேன். அவள் டோக்கன் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க ரீடிங் எடுக்கற வூட்டுக்கெல்லாம் சொல்லுவீங்க. ஆதிகேசவன் வேற ஆளுக்கு ஏத்தி வித்துடுவாரு."

"அப்ப எதுக்கு வேணாம் வேணாம்னு சொன்ன?"

"வேணும்னு சொல்லியிருந்தா?"

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். வாங்குபவர் இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சி இடத்தில் நான்.

உடன்படிக்கை ஆன தேதி நவம்பர் 30. நான் இந்த நோட்டையே வாங்காத காலம்.