கரையேற்றிய பிறகு

அண்ணாச்சி,

இன்று காலை தென்காசிக் கடைத்தெருவில் டூரிங் டாக்கீஸ்காரர்களின் மாட்டுவண்டி கொட்டடித்துக்கொண்டு போயிற்று. என் கையிலும் ஒரு நோட்டீஸைத் திணித்தார்கள். அச்சு மை வாசனை போகாத தாள். முகமூடி போட்ட ஒருவன் மலை விளிம்பில் நின்று, விழப்போகிற பெண்ணை ஒற்றைக் கையால் பிடித்திருக்கிறான். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நீரும் அண்ணாச்சியும் ஆடுன நாடகம்லா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் மிஷின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

சாரல் காலத்தில் நம் கம்பெனி குற்றாலத்தில் கொட்டகை போடும். நீங்கள்தான் மேகவீரன். கறுப்பு முகமூடி, இடுப்பில் தோல்வார். வாரில் கம்பியை மாட்டி இழுத்தால் ஜனங்களின் தலைக்கு மேலே பறந்து வருவீர்கள். நான் பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட், சிற்றன்னையின் கொடுமை தாங்காமல் உயிரை விடப் போகும் ராஜகுமாரி. கடைசி நொடியில் வந்து என் மணிக்கட்டைப் பிடிப்பீர்கள். ஆலங்குளத்திலிருந்தும் புளியறையிலிருந்தும் வண்டி கட்டி வந்த கூட்டம் விசிலடிக்கும். அடுத்த காட்சி கல்யாணம். அதோடு மங்களம் பாடிவிடுவோம்.

ஓர் ஆடி மாதக் காலையில் நாம் இருவரும் சிற்றாற்றுக்குக் குளிக்கப் போனோம். மலையில் மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பெண் ஆற்றில் இறங்கினாள். அது குளிக்க இறங்குகிறவளின் நடை இல்லை என்று எனக்கு உறைப்பதற்குள் நீங்கள் ஓடிவிட்டீர்கள். எந்தக் கம்பியும் உங்களை இழுக்கவில்லை. பாறையில் முழங்கால் கிழிந்து ரத்தம் வழிய, அவளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தீர்கள்.

அவள் பெயர் பேச்சியம்மாள். மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊர் திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காடு. கையில் பழைய சூட்டுத் தழும்புகள். மூச்சு வந்ததும் உங்கள் முகத்தையே பார்த்தாள்.

"நேத்து உங்க நாடகத்தப் பாத்தேன்" என்றாள். "அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் ஆச்சு, எல்லாம் சரியாப் போச்சு. எனக்குக் கலியாணம் ஆனதுதான கேடே. எதுக்குப் பிடிச்சீய? இனி நான் எங்கன போவட்டும்?"

நீங்கள் உங்கள் துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினீர்கள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "மேகவீரன்லே! நெச மேகவீரன்!" என்று உங்களைத் தோளில் தூக்கினார்கள். நீங்கள் இறங்கத் திமிறினீர்கள், விடவில்லை. கீழே போலீஸ்காரர் அவளை எழுப்பி, "சாகப் பாத்ததும் குத்தம்தாம்மா. ஸ்டேஷனுக்கு நட" என்று கூட்டிப் போனார். உங்களைக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோனார்கள், அவளை எதிர்ப்பக்கம். நீங்கள் தோள்மேல் இருந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

மாஜிஸ்திரேட் கச்சேரியில் அவளைக் கண்டித்து, புருஷன் பொறுப்பில் விட உத்தரவாயிற்று. நீங்கள் எழுந்து, "அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க எசமான்" என்றீர்கள்.

"நீ யாருய்யா அவளுக்கு?" என்றார் மாஜிஸ்திரேட்.

அவளுடைய அண்ணன் வந்திருந்தான். வெளியே வேப்பமரத்தடியில் அவன் கையைப் பிடித்து, அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சினீர்கள். "கட்டிக் கொடுத்தாச்சு. இனி அங்கனதான் அவ இருக்கணும்" என்று கையை உதறிவிட்டுப் போனான். அவள் புருஷனுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நடந்து போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பெனி முதலாளிக்குக் கொண்டாட்டம். 'மெய்யாகவே உயிர் காத்த மேகவீரன்' என்று நோட்டீஸ் அடித்தார். தினமும் கொட்டகை நிரம்பியது. தினமும் நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள். பாட்டு முடிந்த பிறகும் என் மணிக்கட்டை நீங்கள் விடாதது எனக்கு மட்டும் தெரிந்தது.

ஒருநாள் பறந்து வந்து என்னைப் பிடித்தவர், பாட்டை எடுக்கவில்லை. அட்டைப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். முகமூடியைக் கழற்றிவிட்டு, "யாரும்மா உன்ன அடிக்கா? சொல்லு" என்றீர்கள். வசனத்தில் இல்லாத கேள்வி. ராஜகுமாரி வேஷத்தில் இருந்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, பறலே!" என்று கத்தினார்கள். மறுநாள் முதலாளி உங்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். அன்றைக்கு என்னிடம் சொன்னீர்கள்: "அவ கேட்டதுக்கு நம்ம நாடகத்துல வசனமே இல்லலே."

நீங்கள் மேலகரத்துக்குப் போகத் தொடங்கினீர்கள். பேச்சி உயிரோடிருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் உங்களுக்கு. தெருமுனையில் நிற்பீர்கள், அவள் தண்ணீர் எடுக்க வந்தால் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். ஊர் அதை வேறு மாதிரிப் பேசியது. அந்தப் பேச்சுக்கும் அவளுக்குத்தான் அடி விழுந்தது. அது காதில் விழுந்ததும் போவதை நிறுத்திவிட்டீர்கள். போனாலும் அவளுக்குக் கேடு, போகாவிட்டாலும் கேடு. வேறொரு வழி அந்த ஊரில் எங்கே இருந்தது என்று நானும் தேடாமல் இல்லை அண்ணாச்சி. இன்றுவரை கிடைக்கவில்லை.

ஐப்பசியில் பேச்சி போய்விட்ட செய்தி வந்தது. இந்த முறை கரையில் யாரும் இல்லை.

நீங்கள் அழவில்லை. தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே, மழையில் நனைந்தபடி நின்றீர்கள். "அன்னைக்குப் பிடிக்காம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டேன். என்னை அப்படி முறைத்துப் பார்த்ததே இல்லை நீங்கள். "பிடிச்சது சரிதாம்லே. கண்ணு முன்னால ஒரு உசிரு போனா பிடிக்கத்தான் செய்யணும். பிடிச்ச பெறகு அவள எங்க கொண்டுபோயி விட்டோம்? அதச் சொல்லு." அதற்கப்புறம் சந்தையில் மூட்டை தூக்கினீர்கள். ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் மலைக்காய்ச்சல் வந்தபோது உடம்பில் அதைத் தாங்க ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். காய்ச்சல் வேகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடிஞ்சதும் மேலகரம் போயி, பேச்சி சாப்பிட்டாளான்னு பாத்துட்டு வாலே" என்றீர்கள். அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? "சரி அண்ணாச்சி, போயிட்டு வாரேன்" என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினீர்கள். விடியும்போது நீங்கள் இல்லை.

உங்களைத் தகனம் செய்துவிட்டு, சொன்ன சொல்லுக்காக மேலகரம் போனேன். அந்த வீட்டில் வேறு குடித்தனம். வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "யாரு வேணும்?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்று திரும்பி வந்துவிட்டேன்.

உங்களிடம் ஒப்புக்கொண்ட அந்த ஒரு வேலை என்னிடம் அப்படியே கிடக்கிறது, அண்ணாச்சி. யாரிடம் போய் அதைச் செய்து முடிப்பேன்?